பனிக்கு இரண்டு சுழி, பணத்துக்கு மூன்று சுழி

தம்பி,

நீ எழுதி அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்த சண்டை என்கிறாய். குளிர்கால ஒலிம்பிக் என்பது பனி கொட்டுகிற பணக்கார நாடுகள் தங்களுக்குள் பதக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ள நடத்தும் பந்தயம் என்பது உன் கட்சி. பனி இல்லாத ஊரில் பிறந்தது யார் குற்றம், கடற்கரை இல்லாத நாட்டுக்காரன் படகுப் போட்டியைக் குறை சொல்லலாமா என்பது உன் கூட்டாளியின் கட்சி. கடைசியில் "சார் சொல்றதுதான் தீர்ப்பு" என்று என் தலையில் கட்டிவிட்டாய். முப்பத்தொரு வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவனிடம் தீர்ப்புக் கேட்டால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதகம்தான், நீ சொன்னது சரி. ஆனால் நீ பனியைப் போட்டுத் திட்டுகிறாய், அங்கேதான் எனக்கும் உனக்கும் பேச்சு. பனிக்கு இரண்டு சுழி ன, பணத்துக்கு மூன்று சுழி ண என்று தமிழ் ஐயா உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றிச் சொல்லிக் கொடுத்தது மறந்திருக்காது. குளிர்கால விளையாட்டிலும் பணத்துக்கு ஒரு சுழி கூடத்தான். அப்புறம், இரண்டும் கையில் இருந்தும் மண்ணைக் கவ்விய நாடுகள் உண்டு, இரண்டில் ஒன்று இல்லாமலே ஜெயித்த ஊர்களும் உண்டு. எனக்கு ருசி அந்தக் கதைகளில்தான். அதற்கு முன்னால் கணக்கு.

1924-ல் பிரான்சில் ஷமோனி என்ற மலையூரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது வந்தவை 16 நாடுகள். 2022-ல் பெய்ஜிங்குக்கு வந்தவை 91. அந்த 91-ல் பதக்கம் வாங்கியவை 29. நார்வே மட்டும் 16 தங்கத்தோடு 37 பதக்கம் அள்ளியது. நார்வேயின் ஜனத்தொகை என்ன தெரியுமா? சுமார் 55 லட்சம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் பழைய ஒன்றுபட்ட தஞ்சை ஜில்லாவை எண்ணினால் 2011 கணக்கிலேயே 50 லட்சத்தைத் தாண்டிவிடும். அதாவது நம் ஜில்லா அளவு ஜனம் உள்ள ஒரு நாடு, 1924 முதல் 2022 வரை 400-க்கு மேல் குளிர்காலப் பதக்கம் குவித்திருக்கிறது. அதே காலத்தில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்துப் பூஜ்யம். தென் அமெரிக்கா முழுவதற்கும் பூஜ்யம். 1964-ல் இன்ஸ்ப்ரூக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்ட நம் நாட்டுக்கும் பூஜ்யம்தான்.

2024 பாரிஸ் கோடைக்கால ஒலிம்பிக்குக்கு 200-க்கு மேற்பட்ட நாடுகள் வந்தன, பதக்கம் வாங்கியவை தொண்ணூறை ஒட்டி. உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் வாசலில் இருக்கிறது. பாதி உலகம் குளிர்காலப் பந்தயத்தின் வாசல்படியையே மிதிப்பதில்லை.

அந்த வாசலில் ஒரு பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். பனியின் மேலோ பனிக்கட்டியின் மேலோ ஆடப்படுவதுதான் குளிர்கால விளையாட்டு என்று ஒலிம்பிக் சாசனமே சொல்கிறது. குளிர்காலத்தில் நடப்பது என்ற அர்த்தம் அதற்குக் கிடையாது. அப்படி இருந்தால் பேட்மின்டன், டேபிள் டென்னிஸ், கபடி எல்லாம் உள்ளே வந்திருக்கலாம், கூரைக்குக் கீழே ஆடுகிற ஆட்டத்துக்கு ஜனவரி என்ன, ஜூன் என்ன. மேடு பள்ளமான நிலத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைக் குளிர்காலத்தில் சேர்க்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. சேர்த்தால் கென்யாவும் எத்தியோப்பியாவும் உகாண்டாவும் மறுநாளே பதக்கப் பட்டியலில் ஏறிவிடும்.

கோடை விளையாட்டில் ஏழைக்கு என்று சில ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன. ஓடலாம், குத்துச்சண்டை போடலாம், மல்யுத்தம் செய்யலாம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-ல் ரோம் நகரத் தெருக்களில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார். குளிர்காலத்தில் வெறுங்கால் ஆட்டம் என்று ஒன்றுகூட இல்லை. இருப்பதிலேயே எளிமையானது பனியில் நடந்து ஓடுகிற கிராஸ் கன்ட்ரி ஸ்கீ. அதற்கும் காலுக்கு இரண்டு பலகை, கைக்கு இரண்டு கழி, பலகைக்கு அடியில் அன்றைய பனிக்கேற்ற மெழுகு. பனியின் ஈரம், சூடு, பழசா புதுசா என்று பார்த்து மெழுகு பூசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நார்வே அணி இதற்காக ஒரு பெரிய லாரியையே பட்டறையாக்கிப் பந்தயத்துக்குப் பந்தயம் ஓட்டிக்கொண்டு போகிறது. ஒரே வேகத்தில் ஓடுகிற இரண்டு பேரில் யார் முந்துவது என்பதை அந்த லாரிக்குள் இருப்பவன் தீர்மானிக்கிற நாட்கள் உண்டு.

இங்கே பிலிப் பொய்ட் கதையைச் சொல்லாமல் போக முடியாது. கென்யாக்காரர், நடுத்தூர ஓட்டக்காரர். ஒரு பெரிய ஷூ கம்பெனி செலவு செய்து அவரைப் பின்லாந்துக்கு அனுப்பி ஸ்கீ பழக வைத்தது. 1998 நாகானோவில் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் இறங்கினார். தங்கம் வாங்கிய நார்வேயின் பியோர்ன் டாலிக்கு ஆன நேரம் சுமார் 27 நிமிஷம், பொய்ட்டுக்கு 47. கடைசி இடம், 92-வது. பரிசளிப்புக்குப் போக வேண்டிய டாலி, எல்லைக்கோட்டிலேயே நின்று பொய்ட் வந்து சேரும்வரை காத்திருந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். பொய்ட் பின்னால் தன் பிள்ளைக்கு டாலி என்றே பெயர் வைத்தார். மனசு இளகுகிற காட்சிதான். ஆனால் வாத்தியார் கண்ணோடு பார். கென்யாவின் ஓட்டப் பரம்பரையில் வந்தவனுடைய நெஞ்சும் நுரையீரலும் டாலிக்கு எந்த விதத்தில் குறைந்தது? குறைந்தது காலடியில் பழகிய வருஷங்கள். டாலி நடை பழகின வயசிலேயே ஸ்கீயும் பழகியவர். பொய்ட்டுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது.

நம் பள்ளியில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ. கோலூன்றித் தாண்டுவதில் ஒரு பையன் தேறினான். பச்சை மூங்கிலை வெட்டிக் கணு சீவி, முனையில் சைக்கிள் டியூப் சுற்றி, ஆற்று மணலைக் கொட்டிய குழியில் விழுந்து விழுந்து பழகினவன். பெரிய போட்டி ஒன்றுக்கு அழைத்துப் போனேன், எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே மற்றப் பையன்கள் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தது ஃபைபர் கழி. அது வில் மாதிரி வளைந்து ஆளைத் தூக்கி எறியும், மூங்கில் அப்படி எறியாது. விழுவதற்கு அங்கே ஸ்பாஞ்சு மெத்தை வேறு. நம் பையன் மெத்தையைப் பார்த்துவிட்டு, "சார், இதுல விழுந்தா எழுந்திரிக்கத் தெரியுமான்னு தெரியலையே" என்றான். நான்காவதாக வந்தான். அன்று அவன் தோற்றது திறமையிலா? இல்லை என்று நான் சொன்னால் மற்ற மூன்று பேருக்கும் அநியாயம், அவர்களும் உழைத்தவர்கள்தான். ஆம் என்று சொன்னால் என் வாய் கூசும். குளிர்காலப் போட்டிகளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்த உறையில் போட்ட கழிதான் கண்முன் வருகிறது. அங்கே எல்லா ஆட்டமுமே கோலூன்றித் தாண்டுதல்தான்.

சறுக்கு வண்டிப் பந்தயங்களை எடுத்துக்கொள். லூஜ், பாப்ஸ்லெட், ஸ்கெலிட்டன் என்று மூன்று. நம் வயலில் பரம்பு அடிக்கும்போது மாட்டுக்குப் பின்னால் பலகை மேல் ஏறி நின்று சேற்றில் வழுக்கிக்கொண்டு போன பயல்தானே நீ, கிட்டத்தட்ட அதே சந்தோஷம்தான், மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில். இதற்கு வளைந்து வளைந்து இறங்கும் சிமெண்டுப் பாதை கட்டி, அதற்குள் குளிர்பதனக் குழாய் ஓட்டி, மேலே பனிக்கட்டி படிய வைக்க வேண்டும். உலகம் முழுவதும் இப்படிப்பட்ட தடங்களை விரல்விட்டு எண்ணலாம், கால்விரலும் வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதில் ஜெர்மனி ஒரு நாட்டில் மட்டும் நான்கு கட்டினார்கள். வண்டியின் வடிவத்தை ஆராய்வதற்கு பெர்லினில் ஒரு தனி ஆய்வுக்கூடம். விளைவு, 2022-ல் இந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து இருந்த 10 தங்கத்தில் 9 ஜெர்மனிக்கு. 2026 போட்டிக்காக இத்தாலி கொர்த்தினாவில் ஒரு தடம் கட்ட நினைத்தபோது முதலில் டெண்டர் எடுக்கவே ஆள் வரவில்லை. கடைசியில் பத்துக் கோடி யூரோவுக்கு மேல் செலவழித்துத்தான் கட்டினார்கள். இத்தாலிக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களை நினைத்துக்கொள்.

நம் சிவ கேசவன் இந்த ஆட்டத்துக்காரர்தான். மணாலியில் பிறந்தவர். 1998-ல் 16 வயதில் லூஜில் ஒலிம்பிக்குக்குப் போனவர், 2018 வரை ஆறு ஒலிம்பிக். நாட்டில் தடமே கிடையாது. வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி, இமயமலை நெடுஞ்சாலையில் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே சறுக்கிப் பழகினார். 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்ததால், தொடக்க விழாவில் தேசியக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடிக்குக் கீழே நடந்தார். ஆசிய லூஜ் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கிய ஆள். ஜெர்மனியில் பிறந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது.

இதுவரை நான் உன் கட்சிக்குத்தான் வக்கீலாக இருந்திருக்கிறேன். இனி கொஞ்சம் கடற்கரைப் பக்கம் வா.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்த்திருக்கிறாய், பள்ளிச் சுற்றுலாவில் நான்தான் அழைத்துப் போனேன். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி வந்து உட்கார்ந்த டென்மார்க்காரர்கள் 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்சம் தெற்கே நாகப்பட்டினம், 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஹாலந்துக்காரர்கள் பிடித்து 1781 வரை வைத்திருந்த துறைமுகம். டென்மார்க், ஹாலந்து இரண்டும் வடக்கே உள்ள குளிர் நாடுகள். இரண்டும் பணக்கார நாடுகள். இரண்டிலும் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. டென்மார்க்கின் மிக உயரமான இடம் சுமார் 170 மீட்டர், நம் பெரிய கோயில் விமானத்தை மூன்று எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த நாட்டின் உச்சியைத் தாண்டிவிடும். ஹாலந்து இன்னும் மோசம், கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே.

சரி, பதக்கம்? 2022 வரை டென்மார்க் வாங்கிய குளிர்கால ஒலிம்பிக் பதக்கம் மொத்தம் ஒன்று. 1998-ல் பெண்கள் கர்லிங்கில், அதாவது பனிக்கட்டியில் கல்லை வழுக்கவிடுகிற ஆட்டத்தில், ஒரு வெள்ளி, அவ்வளவுதான். ஹாலந்து வாங்கியது 140-க்கு மேல். ஒரே மாதிரிக் குளிர், ஒரே மாதிரிக் காசு, ஒரே மாதிரித் தட்டை நிலம். பிறகு ஏன்?

விடை உனக்கும் எனக்கும் நன்றாகப் புரியக்கூடியது. ஹாலந்துக்காரன் டெல்டாக்காரன். ரைன் நதி கடலில் கலக்கிற வண்டல் பூமி அது. ஊருக்கு ஊர் வாய்க்கால், வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு. நமக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பிள்ளைகள் குதிப்பார்கள், அவர்களுக்கு வாய்க்கால் உறைந்தால் பிள்ளைகள் ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வெண்ணாறும் அரசலாறும் குடமுருட்டியும் மார்கழியில் கட்டியாக உறைந்துபோய், நீ மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு ஆற்று வழியாகவே வழுக்கிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள். அங்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பதினொரு ஊர்களைச் சுற்றி வாய்க்கால் வழியே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பந்தயம் ஒன்று உண்டு. பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் கனம் இருந்தால்தான் நடத்துவார்கள். 1997-க்குப் பிறகு வாய்க்கால் அந்த அளவுக்கு உறையவில்லை, பந்தயமும் நடக்கவில்லை.

இயற்கை கைவிட்ட பிறகும் பதக்கம் நிற்கவில்லை என்பதைக் கவனி. 2014 சோச்சியில் நீளத்தள ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் இருந்த 36 பதக்கத்தில் 23 ஹாலந்துக்கு. ஏனென்றால் பழக்கம் ஊறிப்போன ஊரில் அவர்கள் தளம் கட்டிவிட்டார்கள். ஹேரன்வேனில் தியால்ஃப் என்ற 400 மீட்டர் செயற்கைத் தளம், 1986-லேயே கூரையும் போட்டாயிற்று. வாய்க்கால் பழக்கம் கொடுத்தது, காசு அந்தப் பழக்கத்தைச் சாகவிடாமல் காத்தது. டென்மார்க்குக்குக் காசு இருந்தது, அவர்கள் பிள்ளைகள் ஹேண்ட்பாலும் சைக்கிளும் என்று வேறு பக்கம் போனார்கள். அது குற்றம் ஒன்றும் இல்லை.

நார்வே கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. கடலில் எண்ணெய் கிடைத்ததால் பணம், பணத்தால் பதக்கம் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எண்ணெய் கண்டுபிடித்தது 1969-ல். 1952-லேயே ஆஸ்லோவில் 7 தங்கத்தோடு முதலிடம் வந்தவர்கள் அவர்கள். எண்ணெய்ப் பணமும் வந்து சேர்ந்து, பனியும் கொட்டிக் கிடந்த 1988-ல் கால்கரியில் நார்வே வாங்கிய தங்கம் எத்தனை என்று நினைக்கிறாய்? ஒன்றுகூட இல்லை. நாடே தலைகுனிந்தது. அதற்குப் பிறகுதான் எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒலிம்பியாடொப்பன் என்று ஒரு பயிற்சி அமைப்பை உருவாக்கினார்கள். ஸ்கீ கோச்சுக்குத் தெரிந்ததை ஸ்கேட்டிங் கோச்சிடம் சொல்லவைத்தார்கள். நான்கே வருஷத்தில் 9 தங்கம், 1994-ல் தங்கள் ஊரான லில்லஹாமரில் 10.

அந்த நாட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 13 வயது ஆகும்வரை பிள்ளைக்குத் தேசிய சாம்பியன் பட்டம் கிடையாது. சின்ன வயதில் ரேங்க் பட்டியல் ஒட்டமாட்டார்கள். எல்லாப் பிள்ளையும் எல்லா ஆட்டமும் ஆடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் ஆறாம் வகுப்பிலேயே "இவன் தேறமாட்டான் சார்" என்று கழித்துக்கட்டுகிறோம். நானும் கட்டியிருக்கிறேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது மறுபக்கம். பனி மட்டும் போதும் என்றால் நேபாளம் என்றைக்கோ ஜெயித்திருக்க வேண்டும். 2002 முதல் சில தடவை ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், 2022 வரை ஒரு பதக்கம் இல்லை. பொலிவியாவில் ஆண்டிஸ் இருக்கிறது, தஜிகிஸ்தானில் பாமீர் இருக்கிறது. நமக்கே லடாக்கும் காஷ்மீரும் இமாச்சலும் இருக்கின்றன. இந்தியாவில் பனி இல்லை என்று டீக்கடையில் நீ பேசியிருந்தால் அந்த ஒரு பாயிண்டில் நீ அவுட். 2022-ல் இந்தியாவுக்காகப் போனது ஒரே ஒரு ஆள், குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான். வீட்டு வாசலில் பனி. ஆனால் தகுதிப் புள்ளி சேர்க்க ஐரோப்பாவுக்குத்தான் பறந்தாக வேண்டும். சரிவில் நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து சுற்றி இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீ பந்தயத்தில் 45-வதாக முடித்தார்.

அந்தத் தகுதிப் புள்ளிக்குப் பின்னால் ஒரு கதை. 1988-ல் இங்கிலாந்துக்காரர் எடி எட்வர்ட்ஸ், ஸ்கீ ஜம்பிங்கில் கடைசியாக வந்து உலகப் புகழ் அடைந்தார். மக்கள் கொண்டாடினார்கள், நிர்வாகிகளுக்குப் பிடிக்கவில்லை. சர்வதேசப் போட்டிகளில் முதல் 30 சதவீதத்துக்குள்ளோ முதல் 50 இடத்துக்குள்ளோ இருந்தால்தான் ஒலிம்பிக் என்று விதி கொண்டுவந்தார்கள். உன்னைப்போல் நானும் இதை அநியாயம் என்றுதான் நினைத்திருந்தேன். 2010-ல் வான்கூவர் தொடக்க நாளன்று ஜார்ஜியாவின் இளம் லூஜ் வீரர் நோடார் குமாரிடாஷ்விலி பயிற்சியிலேயே தூணில் மோதி இறந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர் தகுதி பெற்றே வந்தவர், அவருக்கே அது நடந்தது. பழகாத ஆளை அந்தத் தடத்தில் இறக்கக் கூடாது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பழகுவதற்கான செலவை யார் தருவது என்பதை விதி சொல்லவில்லை. அணைக்கட்டில் முறைப்பாசனம் என்று அட்டவணை ஒட்டிவிட்டு, கடைமடை வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சட்டப்படி எல்லோருக்கும் தண்ணீர் உண்டு. வேளாங்கண்ணிப் பக்கம் வயலில் போய்ப் பார்த்தால் தெரியும்.

பனியே இனி நம்பிக்கைக்குரியதாக இல்லை என்பது இன்னொரு சங்கதி. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. 2022 பெய்ஜிங்கில் ஸ்கீ சரிவு முழுக்கக் கிட்டத்தட்ட மெஷின் பனி. பீரங்கி மாதிரி ஒரு கருவி, தண்ணீரைத் தூளாக்கிக் குளிர்காற்றில் ஊதும், அது பனியாக விழும். 2040 வாக்கில் பனி விளையாட்டுகளை நடத்தத் தோதான நாடுகள் பத்துதான் மிஞ்சும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே சொல்லிவிட்டது. வானம் கொடுத்ததைக் காசு கொடுத்து வாங்குகிற காலம் வந்துவிட்டது. போர் போட வசதி உள்ளவன் மேட்டூர் திறக்கிற தேதியைப் பற்றிக் கவலைப்படுவதில்லையே, அது மாதிரி.

இந்த இடத்தில் உன் கூட்டாளி, "அப்போ காசில்லாதவன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார வேண்டியதுதானா" என்று கேட்பார். பனிச் சரிவு வேறு, பனிக்கட்டித் தளம் வேறு என்று அவரிடம் சொல். சரிவுக்கு மலை வேண்டும். தளத்துக்கு ஒரு கட்டடமும் கரண்டும் போதும், நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார் அனுப்புகிற பேக்டரியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள். தென் கொரியா 1992 வரை ஒரு குளிர்காலப் பதக்கம்கூட வாங்கியதில்லை. அந்த வருஷம் ஷார்ட் டிராக் என்ற உள்ளரங்க ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் முறையாகச் சேர்ந்தது. கொரியா அதைப் பிடித்துக்கொண்டது. அதன் தங்கங்களில் பெரும்பங்கு அந்த ஒரே ஆட்டத்தில் வந்தது. எல்லாவற்றிலும் கை வைக்காமல் ஒரு வாய்க்காலைத் தேர்ந்தெடுத்துத் தூர்வாரினார்கள்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா நம் ஊர் மாதிரி புழுங்குகிற மாகாணம். அங்கே ஒக்காலா என்று ஒரு ஊர். அங்கே சக்கர ஸ்கேட்டிங் பழகிய எரின் ஜாக்சன், பனிக்கட்டித் தளத்துக்கு மாறி நான்கு மாதம் போலத்தான் ஆகியிருந்தது, 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டார். 2022-ல் 500 மீட்டரில் தங்கம். தகுதிப் போட்டியில் தடுக்கி இடத்தை இழந்தபோது, தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டனி போவும் அதே ஒக்காலாக்காரர்தான். ஊரில் பனி இல்லை, நாட்டில் தளம் இருந்தது. சக்கரத்தில் பழகிய கால் அங்கே போய்ச் சேர வழியும் இருந்தது.

இப்போது நம் பக்கம் பார். 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் சக்கர ஸ்கேட்டிங் 1000 மீட்டர் தங்கம் யாருக்கு? நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமாருக்கு. அதே போட்டியில் மாரத்தானிலும் தங்கம். இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தில் வந்த முதல் உலகத் தங்கங்கள் அவை. ஒக்காலாவிலிருந்து தங்கம் வந்ததே, அதே வகைக் கால் நம்மிடமும் இருக்கிறது. ஹாலந்தில் இருக்கிற மாதிரி கூரை போட்ட 400 மீட்டர் செயற்கைப் பனித்தளம்தான் நாட்டில் இல்லை. காவிரி பிறக்கிற குடகிலிருந்து பவானி என்ற பெண் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் இந்தியாவுக்காக ஹார்பின் ஆசியப் போட்டிவரை போயிருக்கிறார். குடகில் பனி பெய்கிறதா என்ன? ஆகவே பனியைக் காரணம் காட்டாதே. சாதகம் இருக்கிறது, பெரிய அளவில் இருக்கிறது, அதற்குப் பெயர் பக்கத்தில் ஒரு தளம், அதில் தினமும் காலை வைக்க ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை யாரோ ஏற்றுக்கொள்வது.

உன் கூட்டாளிக்குப் பாதி மார்க், உனக்கு முக்கால் மார்க். டீக்காசை அவர் கொடுக்கட்டும்.

கடைசி வரியில், உன் அக்கா மகள் கும்பகோணத்தில் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு உன் கேள்வியைவிட முக்கியமாகப் பட்டது. அவள் ஷூவுக்கு அடியில் சக்கரம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கிறதா, இல்லை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டா? பார்த்துச் சொல். இரண்டு இரண்டாக இருந்தால், அடுத்த சைஸ் வாங்கும்போது ஒரே வரிசை வாங்கச் சொல். பனித்தளத்தில் காலுக்கு அடியில் இருப்பது ஒரே ஒரு கத்திதான், அந்தப் பழக்கம் இப்போதே வர வேண்டும்.